ஏ.ஐ. கொடுத்த தீர்ப்பு எங்கேயும் இல்லை, பழைய லிங்க்கும் திறக்கவில்லை: சட்ட நூலகரிடம் கேட்கலாமா?

ராக்கோழி:
சட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் ஆண்டு. ஏ.ஐ. செயலி ஒரு தீர்ப்பை எடுத்துக் கொடுத்தது. பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதம். ஆனால் தீர்ப்புகளைத் தேடும் தரவுத்தளங்களான வெஸ்ட்லாவிலும் இல்லை, லெக்சிஸிலும் இல்லை. போதாக்குறைக்கு, முதல் வருடம் அடிக்குறிப்பில் போட்ட லிங்க்குகள் பல இப்போது திறக்கவே மாட்டேன் என்கின்றன. “சட்ட நூலகரைப் போய்ப் பாருங்கள்” என்கிறார் நெறியாளர். புத்தகம் எடுத்துத் தருகிறவரிடம் இதையெல்லாம் கேட்கலாமா?

அலமாரி 7:
நான் சட்ட நூலகர்தான். தாராளமாகக் கேட்கலாம், இப்போது பாதி நாள் இதில்தான் போகிறது. (புத்தகமும் எடுத்துத் தருவோம், கோபமில்லை.)

முதலில் தீர்ப்பு. பெயரை வைத்துத் தேடுவதை விடுங்கள். அந்தத் தொகுதியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்காக 5,000 டாலர் அபராதம் விதித்தார்களே, அதில் ‘வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்’ என்று ஒன்று இருந்தது. அமெரிக்கத் தீர்ப்புத் தொகுப்பான ஃபெடரல் ரிப்போர்ட்டர் மூன்றாம் வரிசை, 925-ஆம் தொகுதி, பக்கம் 1339 என்று போட்டிருந்தது. தொகுதி நிஜம். அந்தப் பக்கமோ, 1291-இல் தொடங்கும் வேறொரு வழக்கின் நடுவில் கிடக்கிறது! உங்களுடையதும் அப்படி இருந்தால் தூக்கிப் போடுங்கள். இல்லை, தீர்ப்பு உண்மையிலேயே கிடைத்துவிட்டது என்றால், பிற்பாடு யாராவது அதை ரத்து செய்தார்களா என்று லெக்சிஸின் ஷெப்பர்ட்ஸிலோ வெஸ்ட்லாவின் கீசைட்டிலோ பாருங்கள்.

லிங்க்குக்கு, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின். நீங்கள் படித்த தேதிக்குக் கிட்டத்தில் உள்ள பிரதியாகப் பாருங்கள். பக்கத்தை இடையில் மாற்றியிருப்பார்கள். இனிமேல் சேர்ப்பதை, பக்கத்தின் நிலையான பிரதியை எடுத்து வைக்கும் பெர்மா.சிசி-யில் பதிந்துவிடுங்கள். ஹார்வர்டு சட்டக் கல்லூரி நூலகம் 2013-இல் தொடங்கியது அது. உங்கள் நூலகம் உறுப்பினரா என்று கேளுங்கள்.

கரைசேர்ந்தவன்:
நான் செய்த தப்பைச் சொல்கிறேன். கடைசி மாதம்தான் நூலகரிடம் போனேன். “என்னென்ன சொல் போட்டுத் தேடினீர்கள்?” என்றார். எழுதி வைக்கவே இல்லை. முழுக்க ‘தனியுரிமை’ என்றே தேடியிருக்கிறேன். ஐரோப்பாவில் நிறைய விஷயம் ‘தரவுப் பாதுகாப்பு’ என்ற தலைப்பில் அல்லவா இருக்கிறது! ஒரு அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். ஆய்வுக் கேள்வி உருவாகும்போதே போய்விட வேண்டும்.

ராக்கோழி:
திறந்து பார்த்தேன். வரி வழக்கு ஒன்றின் நடுப்பக்கம். அதை நம்பி எழுதிய இரண்டு பத்தி போயிற்று. லிங்க் கொஞ்சம் மீண்டது. நாளைக் காலை நூலகரைப் பார்க்கிறேன். தேடல் குறிப்பு என்னிடமும் இல்லை, திட்டு வாங்கத் தயார்.

அலமாரி 7:
திட்ட மாட்டார். வெஸ்ட்லா கணக்கின் ஹிஸ்டரியில் ஓராண்டுத் தேடல் அப்படியே இருக்கும். இன்றைக்கே அதை இறக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.