பவர்கிளைடு கியர்பாக்ஸ்: நானே பிரித்துக் கட்டலாமா, ஸ்பெஷலிஸ்டிடம் கொடுக்கலாமா?

நோவா70 (எடிசன், நியூ ஜெர்சி)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1970 செவர்லே நோவா இருக்கிறது. 406 கன இன்ச் ஸ்மால் பிளாக் இன்ஜின், பின்னால் இரண்டு கியர் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்பிரேக் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை வண்டியைக் கோட்டிலேயே பிடித்து வைப்பது) உண்டு. கால் மைலைப் பத்தேகால் செகண்டு வாக்கில் முடிக்கும். இங்கிலீஷ்டவுனில் 2018-ல் டிராக் ரேஸை (நேர்கோட்டு வேகப் பந்தயத்தை) நிறுத்திவிட்டார்கள், ஆட்கோ டிராக்கும் 2023-ல் மூடிவிட்டது. இப்போது எனக்குக் கிரேட் மெடோஸில் இருக்கும் ஐலண்ட் டிராக்வேதான் கதி.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டனை விட்டதும் வண்டி அருமையாகக் கிளம்புகிறது. ஹை கியருக்குத் தள்ளும்போது மட்டும் ஆர்பிஎம் முள் சடாரென்று மேலே பாய்கிறது, அப்புறம்தான் கியர் பிடிக்கிறது. கடைசி ஓட்டத்தில் சரியாகப் பிடிக்கவே இல்லை. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் கறுத்துப்போய், கருகல் வாடை அடிக்கிறது.

இன்ஜின் வேலை, ரியர் ஆக்சில் வேலை எல்லாம் நானே செய்வேன். ஆட்டோமேட்டிக் பாக்ஸை மட்டும் இதுவரை திறந்ததில்லை. பக்கத்து ஊர்க் கடையில் இரண்டாயிரம் டாலருக்கு மேல் சொல்கிறார்கள், சீசன் பாதி போகும்வரை காத்திருக்கவும் வேண்டுமாம். ரீபில்டு கிட் இருநூறு, முந்நூறுக்குக் கிடைக்கிறது. உங்கள் ஆலோசனை என்ன?

கயுகா_ரேசர் (ஸ்கார்பரோ, கனடா)

தம்பி, ட்ரான்ஸ்பிரேக் பூட்டின பாக்ஸ் என்றால் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ. நான் கயுகாவில் டொராண்டோ மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க்கில் ஓடுறனான். அங்கே வீட்டில் கட்டின பாக்ஸ் ரெண்டாம் ஓட்டத்திலேயே பழுதாகி ட்ரெய்லர் ஏறினதைக் கண்டிருக்கிறன். காசைவிடப் பெரிய விஷயம், அந்தப் பாக்ஸ் உங்கட காலுக்குப் பக்கத்தில் இருக்குது. உள்ளே கிளட்ச் பிளேட்டுகளோட சுழலுற டிரம் வெடிச்சால் விளையாட்டில்லை.

ஹீப்ரான்_கியர் (கொலம்பஸ், ஒஹையோ)

ட்ரான்ஸ்மிஷன் கடையில் வேலை பார்த்தவன், நேஷனல் டிரெயில் டிராக்கில் சொந்த வண்டியும் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். யார் கட்டுவது என்பதை இன்றைக்கே முடிவு செய்யாதீர்கள். முதலில் அது ஏன் கருகியது என்று கண்டுபிடியுங்கள். காரணம் தெரியாமல் புது கிளட்ச் பிளேட் போட்டால், நீங்கள் கட்டினாலும் சரி, பெரிய கடை கட்டினாலும் சரி, அதே பிளேட் மறுபடி கருகும்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பவர்கிளைடில் லோ கியருக்கு வேலை செய்வது பேண்ட், அதாவது டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பட்டை. ரிவர்ஸுக்குப் பின்னால் தனியாக ஒரு கிளட்ச். ட்ரான்ஸ்பிரேக் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க வைத்து வண்டியை நிறுத்துகிறது. பட்டனை விட்டதும் ரிவர்ஸ் கிளட்சின் ஆயில் வடிந்து வண்டி பாய்கிறது. உங்கள் வண்டி கோட்டில் நின்று ஒழுங்காகக் கிளம்புகிறது என்றால் பேண்டும் ரிவர்ஸும் தப்பித்துவிட்டன. அடிபட்டிருப்பது ஹை கிளட்ச்.

இனிதான் முக்கியமான இடம். ஹை கியருக்கு மாறும்போது ஒரே ஆயில் இரண்டு வேலை செய்கிறது: ஹை கிளட்சை அழுத்துகிறது, பேண்டை இறுக்கும் சர்வோ பிஸ்டனைப் பின்னால் தள்ளி பேண்டை விடுவிக்கிறது. கிளட்சுக்குப் போகிற வழியில் கசிவு இருந்தால் பேண்ட் விட்டுவிடும், கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்காது. அந்த இடைவெளியில்தான் உங்கள் முள் பாய்கிறது, பிளேட் கருகுகிறது.

கசிவு எங்கே என்றால், நான் பார்த்த பாக்ஸ்களில் பெரும்பாலும் டிரம்முக்குள்தான். முன் ஆயில் பம்பின் கழுத்தில், ஆயில் கசியாமல் தடுக்கும் சீலிங் ரிங்குகள் இருக்கும். அவை டிரம்மின் உள்வட்டத்தில் உரசி ஓடும். பாக்ஸைப் பிரித்ததும் அந்த உள்வட்டத்தைத் துடைத்துவிட்டு, விரல் நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் ரிங் அங்கே பள்ளம் தோண்டியிருக்கிறது. அந்த டிரம்மில் எவ்வளவு விலை உயர்ந்த பிளேட் போட்டாலும் நிற்காது. டிரம் புஷ்ஷிங்கையும் (டிரம் ஆடாமல் சுழல உள்ளே இருக்கும் வளையம்) பாருங்கள். அது தேய்ந்து டிரம் ஆடினால் ரிங்கால் மட்டும் ஆயிலைத் தடுக்க முடியாது.

அதனால் பிரிக்கிற வேலையை நீங்களே செய்யுங்கள். டிராக் உலகம் இந்தப் பெட்டியை இன்னும் விடாமல் வைத்திருப்பதற்கு அதன் எளிமையும் ஒரு காரணம். 1950-ல் வந்தது, அலுமினிய கேஸில் 1962-ல் வந்தது, 1973-ல் செவர்லே நிறுத்திவிட்டது. இரண்டே கியர், எடை குறைவு, இன்ஜின் சக்தியை அதிகம் தின்னாது. முதன்முதலாக ஆட்டோமேட்டிக் பாக்ஸ் திறப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒவ்வொரு த்ரஸ்ட் வாஷரையும் (பாகங்களுக்கு நடுவில் வரும் தட்டை வளையம்) எடுக்கும்போதே போட்டோ எடுங்கள், எடுத்த வரிசையிலேயே மேசையில் அடுக்குங்கள்.

கட்டும்போது டிரம்மை பம்பின் கழுத்தில் மாட்டி, கிளட்ச் ஆயில் துளையில் காற்று கொடுங்கள், முப்பது நாற்பது பிஎஸ்ஐ போதும். பிஸ்டன் நகர்ந்து பிளேட்டை நெரிக்கும்போது "டக்" என்று அழுத்தமான சத்தம் வரும். அது வராமல் "புஸ்" என்று காற்று ஓடிக்கொண்டே இருந்தால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். கேஸுக்குள் போன பிறகு தேடுவது நரகம். பிளேட் இடைவெளி பொதுவாக ஒரு உராய்வு பிளேட்டுக்கு ஆயிரத்தில் பத்து இன்ச் என்று கணக்கு. கிட் கொடுத்தவர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே வையுங்கள். பிளேட்டுகளை முன்கூட்டியே ஆயிலில் ஊற வையுங்கள். பேண்டுக்கு செவர்லே சொன்னது 70 இன்ச்-பவுண்டு இறுக்கி, நான்கு முழுச் சுற்று பின்னால் விடுவது. இன்ச்-பவுண்டு டார்க் ரெஞ்ச் கையில் இல்லை என்றால் வாங்கிய பிறகு தொடங்குங்கள்.

ஆளிடம் கொடுக்க வேண்டியவை: கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கொடுப்பது), வால்வ் பாடி (ஆயிலை எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பது). கிளட்ச் கருகினால் அந்தக் குப்பை கன்வெர்ட்டருக்குள்ளும் போயிருக்கும். அதை வெட்டித் திறந்து, சுத்தம் செய்து, வெல்டு போட்டு பாலன்ஸ் பண்ண வேண்டும். வீட்டில் ஆகாது. வால்வ் பாடியை அதைச் செய்த கம்பெனிக்கே அனுப்பிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கயுகா அண்ணன் டிரம்மைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது பாதி ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. ஃபினிஷ் கோட்டைத் தாண்டியதும் நியூட்ரலுக்குத் தள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சக்கரம் வேகமாகச் சுற்றும், இன்ஜின் ஐடிலுக்கு இறங்கும். நடுவில் மாட்டிய டிரம், கோட்டைத் தாண்டியபோது இன்ஜின் ஓடிய ஆர்பிஎம்மைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுழலும். ஏழாயிரத்தில் கோட்டைத் தாண்டினால் டிரம் பதினாலாயிரம் போகும். பழைய வார்ப்பிரும்பு டிரம் அதைத் தாங்காது. ஹை கியரிலேயே வைத்து பிரேக் பிடித்து இறங்குங்கள். எஸ்எஃப்ஐ 4.1 பாதுகாப்பு முத்திரை உள்ள ஷீல்டு (பாக்ஸ் வெடித்தால் துண்டுகளைத் தடுக்கும் கவசம்) போடாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

நோவா70

ரொம்ப நன்றி அண்ணா. வார இறுதியில் இறக்கிப் பிரித்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே டிரம் உள்வட்டத்தில் நகம் மாட்டுகிறது, இரண்டு ரிங் ஓடும் இடத்திலும். ஹை பிளேட்டுகள் தார் மாதிரி கறுப்பு, ஸ்டீல் பிளேட்டுகளில் நீலப் புள்ளிகள். பேண்டும் ரிவர்ஸ் பிளேட்டுகளும் நன்றாக இருக்கின்றன. டிரம் பழைய வார்ப்பிரும்புதான். புதிதாக ஸ்டீல் டிரம் வாங்கினால் மற்றதை நானே கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. பம்பை என்ன செய்ய?

ஹீப்ரான்_கியர்

டிரம்மை மாற்றுவது சரியான முடிவு. பம்பைத் திறந்து கியர் உரசும் முகத்தில் கோடு விழுந்திருக்கிறதா பாருங்கள். ரிங் உட்காரும் பள்ளங்களில் புது ரிங்கை வைத்துப் பாருங்கள், பக்கவாட்டில் தளர்வாக ஆடினால் பம்பையும் கன்வெர்ட்டரோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். ஆயில் கூலரைக் கழுவி நம்பாதீர்கள், புதிதாகப் போடுங்கள். குழாய்களை மட்டும் கழுவினால் போதும்.

ஏற்றும்போது ஒன்று. கன்வெர்ட்டரைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளுங்கள், கடைசிவரை இறங்க வேண்டும். பெல் ஹவுசிங் போல்ட்டுகளை இறுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும், இன்ஜின் பக்கத் தட்டான ஃபிளெக்ஸ்பிளேட்டைத் தொட எட்டில் ஒரு பங்கு இன்ச்சாவது முன்னால் இழுக்க வேண்டியிருக்க வேண்டும். சுற்றவில்லை என்றால் போல்ட்டால் இழுத்து உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், பம்ப் கியர் அங்கேயே உடைந்துவிடும். கழற்றி மறுபடி இறக்குங்கள்.

கயுகா_ரேசர்

டிரம்மை மாத்திறீங்கள் என்றால் நீங்களே கட்டுங்கோ, எனக்கும் சம்மதம். ஆனால் முதல் நாளே முழு ஓட்டம் வேண்டாம். ஜாக்கில் ஏத்தி, பிரஷர் கேஜ் பூட்டி, ரெண்டு கியரிலும் ரிவர்ஸிலும் வாசிச்சுக் குறிச்சு வையுங்கோ. பிறகு எட்டில் ஒரு மைல் மெல்லமா ஓடி, ஆயில் பேனைக் கழட்டிப் பாருங்கோ. அந்த கேஜ் கணக்கை இங்க போட்டால் ஹீப்ரான் அண்ணையும் பார்த்துச் சொல்லுவார்.