மீன் கழிவில் வளர்த்த புழு குளத்து மீனுக்கு ஆகுமா?

கேள்வி: தினமும் 5 கிலோ மீன் குடலும் செவுளும் மிஞ்சுகின்றன. குளத்து மீனுக்குத் தீவனமாகட்டும் என்று, கழிவைத் தின்று வளரும் பிளாக் சோல்ஜர் ஈயின் (ஒரு வகைக் கறுப்பு ஈ) புழுக்களுக்குப் போட்டேன். மூன்றாம் நாளே தொட்டி கூழாகி, நாற்றம் தாங்கவில்லை. புழுக்கள் சுவரேறி ஓடுகின்றன. எங்கே தவறு?

பதில்: ஈரம்தான் காரணம். மீன் கழிவை மட்டும் போடாதீர்கள். தவிடோ காய்கறிக் கழிவோ பெரும்பங்கு இருக்கட்டும். அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுதான் கசிய வேண்டும். நேற்றுப் போட்டது தீராமல் நான் இன்று போடுவதில்லை. நன்றாகத் தின்னும் தொட்டியில் தூறல் விழுவதுபோல் சலசலப்புக் கேட்கும். அதைக் கேட்கவே காலையில் அருகில் போய் நிற்பேன்.

இன்னொருவர்: புழு கறுப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். கறுத்த புழுவின் தோல் தடித்துவிடும், மீனுக்கு எளிதில் செரிக்காது.

கேட்டவர்: கொதிநீரில் முக்கிக் கொடுக்கலாமா?

பதில்: அவசியம், கிருமிகள் குறையும். வழக்கமான தீவனத்தை மட்டும் அடியோடு நிறுத்திவிடாதீர்கள். புழுவில் கொழுப்பு அதிகம்.