அத்தை சொல்லாத 140 பதிவுகள்

குழு: வீட்டுல எல்லாரும்

சனி, காலை 7:10

பெரியப்பா: (முன்னனுப்பப்பட்டது) ஏஐ இருக்க கவலை எதுக்கு? ஒரே நாளில் 50 கட்டுரை! கூகுளில் முதல் பக்கம்! உடனே அழையுங்கள்!

பெரியப்பா: நம்ம தையல் மெஷின் வலைப்பதிவுக்கு இது உதவுமான்னு பாருங்கப்பா. தங்கச்சி அவ்வளவு விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்கா, படிக்கத்தான் ஆள் வர மாட்டேங்குது.

நான்: பெரியப்பா, அதைத்தான் நான் ரெண்டு மாசமா பண்ணிட்டிருக்கேன். யார்கிட்டயும் சொல்லல, அத்தைகிட்டயும் சொல்லல.

அக்கா: என்னடா பண்ணின?

நான்: அத்தை சொல்லச் சொல்ல நான் தட்டச்சு பண்ணிப் போட்டது மொத்தம் 22 பதிவு. அது மேல ஏஐ வெச்சு 140 பதிவு ஏத்திட்டேன். தேடல்ல ஜனங்க என்னென்ன கேக்கறாங்கன்னு ஒரு பட்டியல் எடுத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டுரை இங்கிலீஷ்ல எழுத வெச்சு, அப்புறம் தமிழாக்கிப் போட்டேன். முதல் மூணு வாரம் நல்லா ஏறுச்சு. அதுக்கப்புறம் இறங்க ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. இப்ப பழைய 22 பதிவுக்கு வந்துட்டிருந்த ஆளும் வரல.

அக்கா: சர்ச் கன்சோல், அதான் நம்ம தளம் தேடல்ல எப்படி இருக்குன்னு கூகுள் காட்டற பக்கம், அதோட படம் அனுப்பு. கூகுள் ஆளுங்களே பாத்துத் தண்டிச்சிருந்தா காட்டற கைமுறை நடவடிக்கைன்னு ஒரு பகுதி இருக்கும், அதுவும்.

நான்: (படம்)
நான்: (படம்)

அக்கா: கைமுறை நடவடிக்கை எதுவும் இல்ல, நல்லது. ஆனா இங்க பாரு, 90 பக்கத்துக்கு மேல "வலம் வந்தோம், பட்டியலில் சேர்க்கவில்லை"ன்னு நிக்குது. கூகுள் வந்து பாத்துட்டு, வேணாம்னு விட்டுட்டுப் போயிருக்கு.

பெரியப்பா: ஏஐ எழுதினதுன்னு கண்டுபிடிச்சிருச்சா?

அக்கா: அப்படி இல்ல பெரியப்பா. ஏஐ எழுதினதுங்கறதுக்காக மட்டும் தள்ள மாட்டோம்னு 2023 பிப்ரவரியிலயே கூகுள் எழுதி வெச்சிருச்சு. எப்படி உருவாச்சுன்னு இல்ல, தரமா இருக்கான்னு பாப்போம்னு சொன்னாங்க. தரவரிசையை ஏத்தறதுக்காகவே குவிச்சா அது ஸ்பேம்னும் அதே இடத்துல சொன்னாங்க. அந்த ரெண்டாவது வரியை விளம்பரம் போடறவங்க சொல்லவே மாட்டாங்க.

அக்கா: 2024 மார்ச் 5ஆம் தேதி அதை இன்னும் இறுக்கினாங்க. ஆள் எழுதினாலும் சரி, மெஷின் எழுதினாலும் சரி, ரெண்டும் கலந்தாலும் சரி, படிக்கறவங்களுக்கு உதவாத பக்கத்தை மொத்தம் மொத்தமா போட்டா விதிமீறல். இருக்கறதை எடுத்து தானா மொழிபெயர்த்துப் போடறதும் அந்த வகைதான். அந்த மாற்றம் முடிய 45 நாள் ஆச்சு. தரம் குறைஞ்ச, சொந்தச் சரக்கில்லாத பக்கம் தேடல்ல 45 சதவீதம் குறைஞ்சதா கூகுளே சொல்லுச்சு.

தம்பி: அப்ப ஆள் வெச்சு எழுதினாலும் இதே கதிதானா அக்கா?

அக்கா: 2011ல ஏஐ எங்க இருந்துச்சு? ஒவ்வொரு தேடல் சொல்லுக்கும் ஒரு கட்டுரைன்னு ஆளுங்களை வெச்சே குறைஞ்ச காசுக்கு எழுதித் தள்ளினாங்க. அதை அடக்கத்தான் அந்த வருஷம் பிப்ரவரியில கூகுள் தரவரிசையில பாண்டான்னு ஒரு மாற்றம் வந்துச்சு. பெரிய பெரிய தளமெல்லாம் ஒரே வாரத்துல விழுந்துச்சு. நம்ம ஆளு செஞ்சது அதே வேலை, வேகம்தான் கூட.

தம்பி: ஏஐ எழுதினதை மனுஷன் எழுதின மாதிரி மாத்தித் தர கருவி இருக்குன்னு விளம்பரம் வருதே. கண்டுபிடிக்கற கருவியில போட்டா 100 சதவீதம் மனிதன்னு காட்டுமாம்.

அக்கா: அந்தக் கண்டுபிடிப்புக் கருவியையே நம்பாத. சாட்ஜிபிடியை உருவாக்கின ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில ஒன்னு வெளியிட்டுச்சு. ஏஐ எழுத்துல 26 சதவீதத்தைத்தான் அது சரியா பிடிச்சுது. ஜூலையில திரும்ப எடுத்துட்டாங்க. உருவாக்கினவங்களாலயே முடியல.

தம்பி: எனக்குத் தெரியும்க்கா. போன செமஸ்டர்ல நானே உக்காந்து எழுதின கட்டுரையை மெஷின் எழுதினதுன்னு சொல்லி மதிப்பெண் குறைச்சாங்க. கையால எழுதின குறிப்பெல்லாம் காட்டியும் ஒத்துக்கல. இன்னும் மனசு ஆறல.

அக்கா: ஏன்டா அப்பவே சொல்லல? இங்கிலீஷைத் தாய்மொழியா பேசாதவங்க எழுத்தை அந்தக் கருவிங்க அதிகமா தப்பாப் பிடிக்குதுன்னு ஸ்டான்ஃபோர்டு ஆளுங்க 2023லயே ஆய்வு போட்டிருக்காங்க. தனியா பேசலாம், அந்த ஆய்வை அனுப்பறேன்.

காலை 11:42

அத்தை: இப்பத்தான் எல்லாத்தையும் படிச்சேன். கண்ணா, அந்தப் பதிவுல ஒரு ஏழெட்டைத் திறந்து பாத்தேன்.

அத்தை: "மேல் நூலின் பதற்றத்தைக் குறைக்கவும்"னு போட்டிருக்கே. நூலுக்கு என்னப்பா பதற்றம்? நூல் இறுக்கத்தை டென்ஷன்னு சொன்னாலே தைக்கற எல்லாருக்கும் புரியுமே. இன்னொன்னுல "உணவு நாயைச் சுத்தம் செய்யவும்"னு இருக்கு. ரெண்டு தடவை படிச்சும் விளங்கல. அப்புறம்தான் தெரிஞ்சுது, அடியில துணியைத் தள்ளுற பல்லைச் சொல்லியிருக்கு.

நான்: இங்கிலீஷ்ல அதுக்கு ஃபீட் டாக்னு பேரு அத்தை. அதை அப்படியே மாத்தியிருக்கு. நான் படிச்சுப் பாக்காமலே போட்டுட்டேன்.

அத்தை: வார்த்தை போகட்டும். "ஊசியின் தட்டைப் பக்கம் எப்போதும் பின்புறம் இருக்க வேண்டும்"னு எழுதியிருக்கு. இப்ப வர்ற வீட்டு மெஷின்ல பாதிக்கு மேல அப்படித்தான், சரி. பழைய கறுப்பு மெஷின்ல தட்டைப் பக்கம் பக்கவாட்டுல வரும். பின்னாடி திருப்பி மாட்டினா தையலே விழாது, ஊசி இடிச்சு முனை உடையும். நம்ம பக்கத்தைப் படிக்கறவங்க முக்கால்வாசிப் பேர் அம்மாவோட பழைய மெஷினை வெச்சிருக்கறவங்க.

அத்தை: கீழ்ப்பக்கம் நூல் கொசகொசன்னு சுருண்டு வந்தா கீழ் நூல் சுத்தின பாபின் உக்கார்ற பாபின் கேஸ் திருகை இறுக்கணுமாம். நான் அப்படி ஒரு நாளும் சொன்னதில்ல. கீழ கொசகொசன்னு வந்தா தப்பு மேல. துணியை அழுத்திப் பிடிக்கற மெஷின் காலைத் தூக்காம நூல் கோத்திருப்பாங்க, நூல் டென்ஷன் தட்டுக்குள்ள இறங்கியிருக்காது. காலைத் தூக்கிட்டு முதல்ல இருந்து கோத்தா பத்துக்கு எட்டு மெஷின் அங்கயே சரியாயிரும். அந்தத் திருகைக் கடைசியாத்தான் தொடணும். தொட்டாலும் கால்வாசிச் சுத்துதான். அது எள்ளு மாதிரி இருக்கும், கழன்று விழுந்தா கண்ணுக்குச் சிக்காது.

நான்: அத்தை, அந்தப் பதிவுக்குக் கீழ ஒருத்தங்க கேட்டிருந்தாங்க. திருகு கழன்று தொலைஞ்சு போச்சு, என்ன பண்றதுன்னு. பத்து நாளாச்சு. நான் பதிலே போடல.

அத்தை: முதல்ல அவங்களுக்குப் பதில் போடு. கேஸோட சேர்த்து வாங்கினா சுலபம்னு சொல்லு. பழைய கேஸோட படம் கேளு, எந்த மாதிரி வேணும்னு நான் சொல்றேன்.

அத்தை: இன்னொன்னு. இது திட்டு இல்ல கண்ணா, மனசுல பட்டதைச் சொல்றேன். "என் முப்பது ஆண்டு அனுபவத்தில், ஒருமுறை ஒரு இளம் பெண் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள்"னு ஒரு பதிவு ஆரம்பிக்குது. கீழ என் பேரு, என் படம். அப்படி யாரும் என்கிட்ட வரல. நான் பாக்காத பொண்ணை நான் பாத்ததா எழுதினா, நிஜமா என்கிட்ட வந்து கத்துக்கிட்டுப் போனவங்க படிச்சா என்ன நினைப்பாங்க?

நான்: மன்னிச்சிருங்க அத்தை. "சொந்த அனுபவம் மாதிரி எழுது"ன்னு நான்தான் கட்டளை கொடுத்தேன். அனுபவம் இருந்தா கூகுள் மேல கொண்டு வரும்னு எங்கயோ படிச்சேன்.

அக்கா: நீ படிச்சது அரைகுறை. கூகுளுக்குத் தர மதிப்பீட்டாளர்கள் இருக்காங்க. அவங்க கையேட்டுல நிபுணத்துவம், அதிகாரம், நம்பகம்னு மூணு இருந்துச்சு. 2022 டிசம்பர்ல அனுபவத்தையும் சேர்த்தாங்க. அவங்க போடற மதிப்பெண் நேரா தரவரிசையை மாத்தாது, எதை நல்ல பக்கம்னு நினைக்கறாங்கன்னு நமக்குக் காட்டும். நாலுலயும் முக்கியம் நம்பகம்தான்னு அதுலயே இருக்கு. இல்லாத அனுபவத்தை ஜோடிச்சா போற முதல் விஷயம் அதுதான். 2025 ஜனவரியில இன்னொன்னும் சேர்த்தாங்க. பக்கம் முழுக்க ஏஐ போட்டதா இருந்து, உழைப்பும் சொந்தமா ஒரு விஷயமும் இல்லைன்னா ஆகக் கீழ் மதிப்பெண்.

பெரியப்பா: பெரிய பத்திரிகைக்காரங்க எல்லாம் ஏஐ வெச்சு எழுதறாங்கன்னு கேள்விப்பட்டேனே?

அக்கா: எழுதிப் பாத்தாங்க பெரியப்பா. சிநெட்னு பழைய தொழில்நுட்பத் தளம். பணம் சம்பந்தமா 77 கட்டுரை ஏஐ வெச்சுப் போட்டாங்க. 2023 ஜனவரியில திரும்பப் பாத்தப்ப 41ல திருத்தம் போட வேண்டியதாச்சு. வட்டிக் கணக்கே தப்பா இருந்துச்சு. ஆசிரியர் குழு உள்ள இடத்துலயே அப்படின்னா, படிக்காமலே போட்ட 140 பதிவை நினைச்சுப் பாருங்க.

தம்பி: அண்ணா பாவம்க்கா, விடுங்க.

அக்கா: விட மாட்டேன்டா. அவன் மேல கோபம் இல்ல. அத்தை சொன்ன 22 பதிவும் தங்கம். அதையும் இது இழுத்துட்டுப் போகுதேன்னுதான் வருத்தம்.

பெரியப்பா: சரிம்மா, இன்னொன்னு. இப்பல்லாம் எதைத் தேடினாலும் கூகுளே மேல பதில் எழுதிக் காட்டுது. அப்புறம் யாரு நம்ம பக்கத்துக்கு வருவாங்க?

அக்கா: அந்தக் கவலை எனக்கும் இருக்கு. அமெரிக்காவுல 2024 மே மாசம் ஆரம்பிச்சாங்க, அப்புறம் நாடு நாடா போச்சு. "பாபின் என்றால் என்ன" மாதிரி கேள்விக்கு இனி யாரும் பக்கத்தைத் திறக்க மாட்டாங்க. இவன் போட்ட 140ல பாதி அந்த மாதிரிதான். ஆனா "அம்மாவோட கறுப்பு மெஷின், ஊசி மாத்தினதுல இருந்து தையல் விட்டு விட்டு விழுது"ன்னு தேடறவங்களுக்கு நாலு வரி போதாது. படம் பாக்கணும், செஞ்சவங்க சொல்லணும்.

நான்: இப்ப என்ன பண்ணட்டும்? 140ஐயும் அழிச்சா பழைய இடம் திரும்ப வந்துருமா?

அக்கா: வரும்னு வாக்கு கொடுக்க மாட்டேன். மாசக்கணக்கா ஆகலாம். அழிக்கறது கூகுளுக்காக மட்டும் இல்லடா. அத்தை பேர்ல தப்பு நிக்குது, இன்னொருத்தர் திருகும் போயிரும். இன்னிக்கே எடு. அத்தை படிச்சுட்டு "இது சரி"ன்னு சொல்ற பதிவு இருந்தா திருத்திட்டுத் திரும்பப் போடு.

அத்தை: 140ஐயும் படிக்க என் கண்ணு தாங்காது. எடுத்துரு கண்ணா.

பெரியப்பா: அப்ப இந்த ஏஐயே வேணாமா?

அக்கா: வேணும் பெரியப்பா. நானே தினமும் வேலையில வெச்சிருக்கேன். அத்தை குரல் பதிவு அனுப்பினா அதை எழுத்தாக்க வெக்கலாம். சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தா சுருக்கலாம், தலைப்புக்குப் பத்து யோசனை கேக்கலாம். "புதுசா தைக்கறவங்களுக்கு இதுல என்ன புரியாது"ன்னு கேட்டா நல்ல கேள்வி தரும், அதை அத்தைகிட்ட கேக்கலாம். அது அடுத்த வார்த்தை எதுவா இருக்கும்னு பாத்துப் பாத்து எழுதற பொருள். அது முன்னாடி மெஷினும் இல்ல, நூலும் இல்ல. அதனால விஷயத்தை அதுகிட்ட கேக்காதீங்க, விஷயத்தைக் கொடுத்துட்டு வேலை வாங்குங்க. தமிழ்ல ஒற்று அங்கங்க விட்டுரும், அதைக் கண்ணால பாத்துத்தான் ஆகணும்.

மதியம் 3:20

நான்: 140ம் எடுத்தாச்சு. திருகு தொலைச்சவங்களுக்கும் பதில் போட்டுட்டேன். தப்பு எங்க மேலன்னும் எழுதிட்டேன்.

அத்தை: நல்லது.

அத்தை: (குரல் பதிவு, 6 நிமிடம்)

அத்தை: கீழ நூல் சுருளுறதைப் பத்திச் சொல்லியிருக்கேன். நடுவுல குக்கர் விசில் கேக்கும், கண்டுக்காத.

மாலை 6:05

நான்: எழுத்தாக்கிட்டேன் அத்தை. நீங்க சொன்ன வரிசையிலயே இருக்கு. முதல்ல காலைத் தூக்கிட்டுத் திரும்பக் கோக்கறது, அடுத்து ஊசி மாத்தறது, அப்புறம் ஷட்டில் கிட்ட சேர்ந்த பஞ்சை எடுக்கறது, கடைசியா திருகு. படிச்சுப் பாருங்க.

தம்பி: பாட்டியோட கறுப்பு மெஷின்ல ஊசியைக் கழட்டி மூணு படம் எடுத்திருக்கேன். தட்டைப் பக்கம் தெளிவாத் தெரியுது. (படம்) (படம்) (படம்)

அத்தை: ரெண்டாவது படம் போடு. வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு.

அத்தை: கடைசியில "இந்த எளிய வழிமுறைகளைப் பின்பற்றினால் உங்கள் மெஷின் புதிது போல் ஓடும்"னு ஒரு வரி இருக்கே. நான் சொல்லலையே?

நான்: அது ஏஐ சேர்த்தது அத்தை. கவனிக்காம விட்டுட்டேன்.

அத்தை: எடுத்துரு. அந்த இடத்துல, திருகைத் தொடறதுக்கு முன்னாடி அது எந்தப் பக்கம் நிக்குதுன்னு போன்ல ஒரு படம் எடுத்து வெச்சுக்கணும்னு எழுது. அதைச் சொல்ல மறந்துட்டேன்.

நான்: எழுதிட்டேன். பாருங்க.

அத்தை: இப்ப போடு.