சந்தேகம்: ஆயில் விளக்கு விட்டு விட்டு எரிகிறது, ஓட்டலாமா? அவசரம்

ஊர்சுற்றி_86 | சனி, மாலை 6.52

வணக்கம். ஃபோர்டு வண்டி. உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு ஓட்டல் வாசலில் நிற்கிறோம். டோல் வரிசையில் நின்றபோது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் போய்விடுகிறது, நின்றால் திரும்ப வருகிறது. சென்னையில் கிளம்பும்போது ஒன்றும் இல்லை. அம்மாவும் கூட இருக்கிறார். நாளைக் காலை திருச்சியில் அக்கா மகளுக்குக் காது குத்து, தாய்மாமன் நான் இல்லாமல் நடக்காது. இன்னும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். 60-இல் மெதுவாக ஓட்டிப் போய்விடலாமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நெல்லை_டீசல் | 6.55

எந்த ஃபோர்டு தம்பி? பெட்ரோலா டீசலா? எந்த வருடம், எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது? ஃபிகோவுக்கு ஒரு பதில், எண்டவருக்கு வேறு பதில்.

ஸ்பேனர்_14 | 6.56

விவரமெல்லாம் அப்புறம். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அணையுங்கள். பத்து நிமிடம் பொறுத்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, திரும்பச் செருகி, ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. ஆயில் நிறைய இருந்தும் அழுத்தம் இல்லாமல் போகலாம். அதுதான் ஆபத்து.

ஐகான்_2003 | 7.01

பயப்படாதீர்கள் நண்பரே, 90 சதவீதம் சென்சார்தான். என் ஃபோர்டு ஐகானில் இதே மாதிரி விட்டு விட்டு எரிந்தது. எலி ஒயரைக் கடித்து வைத்திருந்தது. ஒயரை ஒட்டியதும் சரியாகிவிட்டது. பிரஷர் ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். 1.3 ரோக்காம் என்ஜின், 2 லட்சம் கி.மீ. தாண்டியும் என்ஜினைத் திறந்ததே இல்லை.

ஊர்சுற்றி_86 | 7.04

எக்கோஸ்போர்ட். பெட்ரோல், 3 சிலிண்டர். டிப் ஸ்டிக்கில் ஆயில் இருக்கிறது, கறுப்பாக இருக்கிறது. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார், கிளம்பலாமா?

என்ஜின்_வாத்தியார் | 7.09

இந்தப் பகுதியின் முதல் பதிவிலேயே எழுதி வைத்திருக்கிறேன்: மாடல், என்ஜின், வருடம், ஓட்டம், கடைசியாக ஊற்றிய ஆயில். இந்த ஐந்தும் இல்லாமல் கேட்டால் சொல்பவர்கள் எல்லோரும் குருட்டாம்போக்கில்தான் சொல்வார்கள். ஐகான் நண்பர் இப்போது செய்வது அதுதான்.

எக்கோஸ்போர்ட்டில் 3 சிலிண்டர் பெட்ரோல் இரண்டு உண்டு. ஒன்று 999 சிசி டர்போ, எக்கோபூஸ்ட். மற்றது 2017 நவம்பர் மாற்றத்தோடு வந்த 1.5 டிராகன். இரண்டிலுமே வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள் நனைந்தபடி ஓடும். எனவே இந்த விளக்கை எலி கடித்த ஒயர் என்று ஒதுக்கிவிட முடியாது. உங்களுடையது எது? என்ன ஆயில்?

பசுமைச்சாலை | 7.12

எல்லோரும் பெட்ரோலை மறந்துவிட்டீர்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய வண்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. என் சந்தேகம் அதில்தான்.

ஸ்பேனர்_14 | 7.14

எத்தனாலால் பழைய ரப்பர் குழாய்க்கும் மைலேஜுக்கும் பாதிப்பு என்றால் பேசலாம். சூடானபின் ஐடிலிங்கில் (வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது) ஆயில் அழுத்தம் இறங்குவதற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. அதை இன்னொரு இழையில் பேசுவோம், இவர் ரோட்டில் நிற்கிறார்.

ஊர்சுற்றி_86 | 7.16

2014. டர்போ. 1,12,000 கி.மீ. மூன்று வருடமாக வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விடுகிறேன். நல்ல மனிதர். எல்லா வண்டிக்கும் டிரம்மிலிருந்து ஊற்றுவார். பில்லில் ஆயிலின் கெட்டித்தன்மை 15டபிள்யூ-40 என்று இருக்கிறது. அது தப்பா?

நெல்லை_டீசல் | 7.18

அடடா.

என்ஜின்_வாத்தியார் | 7.25

தப்புதான். பொறுமையாகச் சொல்கிறேன், மற்றவர்களும் படித்துக்கொள்ளுங்கள்.

இந்த என்ஜினுக்கு உரியது 5டபிள்யூ-20. அந்த எண் மட்டும் போதாது, டப்பாவில் ஃபோர்டின் தரக் குறியீடு டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி இருக்க வேண்டும். சாதாரண வண்டியில் பெல்ட் வெளியே காய்ந்த நிலையில் ஓடும், ஆயில் பட்டால்தான் கெடும். இதில் ஆயிலில் ஊறியே ஓடும்படி தனி ரப்பரில் செய்திருக்கிறார்கள். உராய்வும் சத்தமும் குறையும் என்பதற்காக. அந்த ரப்பர் எல்லா ஆயிலையும் தாங்காது. பொருந்தாத ஆயிலோ, நாள்பட்டு பெட்ரோல் கலந்த ஆயிலோ அதை ஊற வைத்து உதிர வைக்கும். உதிர்ந்த துகள் என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் சேம்பரில் இறங்கி, பம்ப் உறிஞ்சும் இடத்தில் உள்ள ஸ்ட்ரெய்னர் வலையில் அடைத்துக்கொள்ளும். டிப் ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருக்கும், பம்புக்குப் போய்ச் சேராது. சூடானபின் ஐடிலிங்கில் விளக்கு எரியும். நீங்கள் சொன்ன அறிகுறியும் இதுதான்.

ஆயில் பம்பை ஓட்டுவதும் தனியாக ஒரு ஈரப் பெல்ட். அது போனால் அழுத்தம் ஒரே நொடியில் பூஜ்யம். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 1,40,000 வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது இந்த 1.0 என்ஜினின் பம்ப் பெல்ட்டுக்காகத்தான். பெல்ட்டின் பல் உதிரலாம், டென்ஷனர் உடையலாம், என்ஜின் நின்றுபோகலாம், பிரேக் உதவியும் குறையலாம் என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது.

ஸ்பேனர்_14 | 7.28

ஆகவே ஊர்சுற்றி தம்பி, ஓட்டாதீர்கள். 60-இலும் வேண்டாம், 40-இலும் வேண்டாம். அழுத்தம் இல்லாமல் ஓடினால் முதலில் டர்போ போகும், அப்புறம் பேரிங். இப்போது நிறுத்தினால் சேம்பரைக் கழற்றும் வேலை. ஓட்டினால் மொத்த என்ஜின். ஓட்டல்காரரிடம் சொல்லி வண்டியை அங்கேயே விடுங்கள், இன்சூரன்ஸில் ரோட்டோர உதவி இருக்கிறதா என்று பாருங்கள். உளுந்தூர்பேட்டையில் நின்றால் திருச்சிக்கு ராத்திரி முழுக்க பஸ் உண்டு. அம்மாவுக்கு ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள். காது குத்துக்கு மாமன் மடிதான் வேண்டும், மாமன் வண்டி இல்லாமலும் நடக்கும்.

ஐகான்_2003 | 7.36

சென்சார் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ரோக்காமில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருந்தது. அதை ஏன் விட்டார்கள்? நூறு வருடம் வண்டி செய்த கம்பெனிக்கு ரப்பரை ஆயிலில் ஊற வைக்கலாம் என்று யார் சொன்னது?

என்ஜின்_வாத்தியார் | 7.41

பரிசு கொடுத்தவர்களைக் கேளுங்கள். 2012, 2013, 2014 மூன்று வருடமும் உலகின் சிறந்த என்ஜின் விருது இதற்குத்தான். ஒரு ஏ4 தாளில் வைத்துவிடலாம், அந்த அளவு பிளாக். அதிலிருந்து 125 குதிரைத் திறன். பேலன்ஸ் ஷாஃப்ட் போடாமல், ஃப்ளைவீலையும் முன்பக்கப் புல்லியையும் வேண்டுமென்றே சமன் குறைத்து அதிர்வை அடக்கினார்கள். உருவாக்கியது டெட்ராய்ட்டும் இல்லை, இங்கிலாந்தின் டன்டனும் ஜெர்மனியும். அமெரிக்கக் கம்பெனி என்று பொதுவாகத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டு வரலாம்.

நெல்லை_டீசல் | 7.47

விருது கொடுத்தது சரி வாத்தியாரே, அந்த விருது என்ஜின் புதிதாக இருக்கும்போது கொடுப்பது. பத்து வருடம் கழித்து இரண்டாவது கையில், டிரம் ஆயிலில், சென்னை வெயிலில் எப்படி ஓடும் என்று எந்த நடுவரும் பார்ப்பதில்லை. நம்பகம் என்றால் எனக்கு அதுதான்: கவனிக்காத கைக்குப் போனாலும் பிழைத்துக்கிடக்க வேண்டும். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி-யில் ஆயில் பம்பே கிடையாது. ஃப்ளைவீல் வாரி இறைக்கும் ஆயில்தான் எங்கும் போகும். அளவு பார்க்க டிப் ஸ்டிக்கும் கிடையாது, வண்டிக்கு அடியில் படுத்து இரண்டு சின்னத் திருகுகுழாயைத் திறந்து ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். 1908 முதல் 1927 வரை அதில் ஒன்றரைக் கோடி வண்டி. மண் ரோட்டில், வயலில், எங்கும் ஓடியது. பழுதானால் விவசாயியே பிரித்து மாட்டினான். அந்தக் கம்பெனியின் பெயர் அப்படித்தான் வளர்ந்தது.

பசுமைச்சாலை | 7.55

அதே கம்பெனிதான் பின்டோ காரும் செய்தது. பின்னால் இடித்தால் பெட்ரோல் டேங்க் தீப்பிடிக்கும் என்ற புகாரில் 1978-இல் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். பவர்ஷிஃப்ட் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் புகார்களை நடத்திய விதத்துக்காக 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. நம் ஊரிலும் தரம் இல்லாமல்தானே கடையைக் கட்டினார்கள்.

மறைமலை_லைன் | 8.10

இங்கே நான் அதிகம் எழுதுவதில்லை. கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் எக்கோஸ்போர்ட் லைனில் வேலை பார்த்தவன். 2021 செப்டம்பரில் ஆலையை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது கம்பெனி சொன்ன காரணம், பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்பது. விற்பனை குறைவு, ஆலையின் திறனுக்கு வேலை இல்லை, மஹிந்திராவோடு பேசிய கூட்டு 2021 புத்தாண்டோடு முறிந்தது. இது கணக்கு. தரம் கணக்கில் இல்லை. அமெரிக்காவில் 2018 முதல் விற்ற எக்கோஸ்போர்ட் எல்லாம் எங்கள் லைனில் செய்து கப்பல் ஏறியவை. கதவு மூடும் சத்தத்தைக் காதால் கேட்டே பிசகைச் சொல்லும் ஆட்கள் எங்களிடம் இருந்தார்கள். 2022 ஜூலையில் கடைசியாக லைனை விட்டு இறங்கிய வண்டியும் எக்கோஸ்போர்ட்தான்.

பெல்ட்டை எந்த ரப்பரில் செய்வது என்று முடிவு செய்தவர்கள் வேறு. போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டுமோ அவ்வளவு முறுக்கியவர்கள் நாங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசாதீர்கள், அவ்வளவுதான்.

பசுமைச்சாலை | 8.16

மன்னிக்கவும் அண்ணே. உங்களைச் சொல்லவில்லை. அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

ஐகான்_2003 | 8.21

அண்ணே, என் ஐகானும் அங்கிருந்து வந்ததுதான். இன்றும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் ரோடு கையில் தெரிகிறது. அந்த ஆலை திரும்பத் திறக்குமா?

மறைமலை_லைன் | 8.24

2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காகத் திரும்பத் தொடங்குவதாகக் கடிதம் கொடுத்தார்கள். முதல்வர் அமெரிக்கா போன சமயம். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கேட்டைத் திரும்பிப் பார்ப்பேன்.

நெல்லை_டீசல் | 8.30

ஃபோர்டு மெட்ராஸுக்கு வந்தது 90-களில் என்று பலர் நினைக்கிறார்கள். 1926-லேயே கனடா ஃபோர்டின் கிளையாக இந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் மூன்றிலும் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 50-களில் அது நின்றது. 1995-இல் வந்தது இரண்டாம் வருகை. இப்போது பேசுவது மூன்றாவது.

என்ஜின்_வாத்தியார் | 8.34

இழை திசை மாறுகிறது. ஊர்சுற்றி, வண்டி என்ன ஆனது? அழுத்தத்தை கேஜ் வைத்துப் பார்த்தீர்களா?

என்ஜின்_வாத்தியார் | ஞாயிறு, காலை 9.15

பதில் இல்லை. இப்படித்தான், உதவி கிடைத்ததும் காணாமல் போய்விடுகிறார்கள்.

ஸ்பேனர்_14 | ஞாயிறு, காலை 9.20

காது குத்து இன்றைக்கு சார். விடுங்கள்.

ஊர்சுற்றி_86 | வியாழன், இரவு 10.40

மன்னிக்கவும், வீட்டில் விசேஷம், அலைச்சல். அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டோம், காது குத்து நல்லபடியாக முடிந்தது. வண்டியை ரிகவரி வண்டியில் ஏற்றி விழுப்புரத்தில் தெரிந்தவர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சேம்பரைக் கழற்றினார்கள். வலை முழுக்கக் கறுப்பு ரப்பர் தூள், காப்பித்தூள் மாதிரி. கேம் பக்கம் கீறல் இல்லை, டர்போ தப்பித்தது என்கிறார்கள். இரண்டு பெல்ட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஸ்பேனர் அண்ணனுக்கு நன்றி. அன்று கிளம்பியிருப்பேன்.

என்ஜின்_வாத்தியார் | வியாழன், 10.52

நல்லது. மெக்கானிக்கிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: கிராங்க் புல்லியை நழுவாமல் பிடிக்கும் சாவிக்கட்டை கிடையாது, புல்லி வெறும் இறுக்கத்தில் நிற்கிறது. டைமிங் பூட்டும் கருவி இல்லாமல் அந்த போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் போய்விடும். கிராங்க் போல்ட்டை ஒருமுறைதான் பயன்படுத்தலாம், புதியது வாங்க வேண்டும். பூட்டுவதற்கு முன் ஸ்ட்ரெய்னரோடு ஆயில் வழிகளையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். புது ஆயிலை 1,000 கி.மீ.-இல் ஒருமுறை மாற்றிவிடுங்கள், மிச்சத் தூள் வெளியே வரட்டும்.

ஊர்சுற்றி_86 | வியாழன், 10.58

கருவி அவரிடம் இல்லை. சென்னையிலிருந்து யாராவது வாடகைக்குத் தருவார்களா? வேலையை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன்.

மறைமலை_லைன் | வியாழன், 11.07

என்னிடம் இருக்கிறது தம்பி. வாடகை வேண்டாம். தனிச் செய்தியில் நம்பர் அனுப்புங்கள், சனிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு விழுப்புரம் வருகிறேன். அந்த வண்டியைக் கொஞ்சம் பார்க்கவும் ஆசை.