ராஜரத்தினம் பிள்ளை பற்றி ஆவணப்படம் மாதிரி ஒரு கற்பனைப் படம்: யோசனை சொல்லுங்கள்

கேள்வி:
நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசித்த தோடி ராகம் என்றால் எனக்கு உயிர். பதிவாகாத ஒரு இரவுக் கச்சேரியைக் கேட்டதாக நான்கு கற்பனைப் பாத்திரங்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வதுபோல் குறும்படம் எழுதுகிறேன். அவராக யாரை நடிக்க வைக்கலாம்?

பதில்:
யாரும் வேண்டாம் தம்பி. 1940-ல் ‘காளமேகம்’ படத்தில் அவரே நடித்திருக்கிறார், ஜனங்கள் ஒப்பிட்டுவிடுவார்கள். தவில்காரர், பந்தல்காரர், சீவாளி (நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் முனை) செய்பவர் பேசட்டும். சீவாளியை வாயில் நனைத்து ஊதிப் பார்ப்பதை குளோசப்பில் நிதானமாகக் காட்டு.

பதில்:
கற்பனை என்று முதலிலேயே எழுத்தில் போடுங்கள். அவருடைய பழைய இசைத்தட்டுகளைப் போலி ஒலியோடு கலக்கவே கூடாது.

கேட்டவர்:
சரி அண்ணா, நடிகர் இல்லை. சீவாளிக்காரரிடமிருந்தே தொடங்குகிறேன்.