பல் மருத்துவக் கல்லூரியில் உங்களுக்குக் கைகொடுத்தது யார்? நடந்ததைச் சொல்லுங்கள்

பழைய மாவுக்கட்டி:

அக்கா மகளுக்கு பி.டி.எஸ். சீட் கிடைத்திருக்கிறது. கல்லூரியில் கொடுத்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘மாணவர் நலச் சேவைகள்’ என்று நீளமாக ஒரு பட்டியல். மென்டார், மனநல ஆலோசகர், ராகிங் தடுப்புக் குழு, உதவித்தொகைப் பிரிவு, புத்தக வங்கி, குறை தீர்க்கும் குழு. “மாமா, இதுல எது நிஜமா வேலை செய்யும்?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் படித்து முடித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு உதவிய ஆள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அது ஓ.பி. சீட்டு போடும் அக்கா. கடைசி வருடத்தில் முழுப் பல்செட் கேஸ் முடித்தே ஆக வேண்டும். வாயில் ஒரு பல்கூட இல்லாத பெரியவரைத் தேடிப் பிடித்து, முதல் அச்சு, இரண்டாம் அச்சு, தாடை அளவு, மெழுகில் பல் அடுக்கிப் பார்ப்பது, கடைசியில் செட்டை மாட்டுவது என்று குறைந்தது ஐந்து தடவை வரவழைக்க வேண்டும். எனக்கு நோயாளியாகக் கிடைத்த பாட்டி மூன்றாம் தடவையோடு நின்றுவிட்டார். பேத்திக்குப் பிரசவமாம். தேர்வுக்கு ஆறு வாரம். அந்த அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். பல் இல்லாத தாத்தா பாட்டிகளின் பெயர், ஊர், எந்த பஸ், எந்தக் கிழமை வர முடியும், எல்லாம் அதில் எழுதியிருந்தது. “இவரு செவ்வாக்கிழமை சந்தைக்கு வருவாரு, அன்னிக்கே வரச் சொல்லிடறேன்” என்றார். அப்படித்தான் என் கேஸ் முடிந்தது. அவருக்கு யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை, அவராகவே எழுதி வைத்திருந்தார்.

சரி, இனி நீங்கள் சொல்லுங்கள். அவளுக்கு அப்படியே அனுப்பப் போகிறேன்.


ஹவுஸ் சர்ஜன் 3:

எனக்கு நடந்தது ஊசி குத்து. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், புதிதாகச் சேருகிறவர்கள் பொறுமையாகப் படிக்கவும்.

வாய் அறுவைப் பிரிவில் போஸ்டிங். கீழ்த்தாடைக்கு மரப்பு ஊசி போட்டுவிட்டு மூடியை இரண்டு கையாலும் மாட்டப் போனேன். ஊசி இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. கையுறையைக் கழற்றி விரலை நசுக்கி ரத்தத்தைப் பிழிய ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த நண்பன் ஸ்பிரிட் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். இரண்டுமே தப்பு. ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர்தான் என் கையைப் பிடித்து இழுத்துக் குழாய்க்குக் கீழே வைத்தார். “பிழியாதே, ஸ்பிரிட் ஊத்தாதே. சோப்புப் போட்டுத் தண்ணியில கழுவு, அவ்வளவுதான்.”

அப்புறம் அவரே ஒரு பதிவேட்டை எடுத்து நேரத்தை எழுதினார். நோயாளியிடம் நடந்ததைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு ரத்தம் எடுத்தார். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்று அவர் சொல்லித்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. படித்ததுதான், தேர்விலும் எழுதியதுதான். குத்தின நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

எங்கள் கல்லூரி தனியாக இருக்கிறது, பொது மருத்துவமனை வளாகத்துக்குள் இல்லை. மாத்திரை இருப்பது அரசு மருத்துவமனையில். யார் கூட்டிப் போவது என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. கடைசியில் ஸ்டோர்ஸ் அண்ணன் தன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். முதல் மாத்திரையைப் போட்டபோது குத்தி ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. நோயாளிக்கு எச்.ஐ.வி. இல்லை என்று முடிவு வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும் ஆயிரத்தில் 3 பேருக்குத்தான் தொற்றும் என்று மறுநாள் மருத்துவமனை டாக்டர் விளக்கினார். உண்மையில் பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி. தடுப்பூசி போடாதவருக்கு அதைவிடப் பல மடங்கு ஆபத்து. நான் 3 ஊசியும் போட்டிருந்தேன். ஆனால் அது உடம்பில் பிடித்ததா என்று எதிர்ப்புச் சக்தி அளவை ஒருநாளும் பார்க்கவில்லை. அளவு 10க்கு மேல் இருக்க வேண்டும், எனக்கு அதற்குக் கீழே இருந்தது. உடனே இன்னொரு ஊசி போட்டார்கள்.

ஊசி மூடியை ட்ரேயில் வைத்து ஒற்றைக் கையால் அள்ளி மாட்டும் பழக்கம் அன்றைக்கு வந்ததுதான்.


மெழுகுப்பல்:

மென்டார் பற்றி இரண்டே வரி. என் மென்டார் யார் என்று எனக்குக் கடைசி வருடம்தான் தெரிந்தது. அதுவரை மாதாமாதம் என்னைச் சந்தித்து அறிவுரை சொன்னதாகப் படிவத்தில் அவர் கையெழுத்தும் என் கையெழுத்தும் ஒழுங்காக இருந்தன.


அரசுப்பள்ளி 7.5:

நான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சேர்ந்தவன். 2020இல் சட்டம் வந்த அதே வருடம். கலந்தாய்வில் சீட் கிடைத்தது, பணம் கட்ட வழியில்லை. அந்த நவம்பரிலேயே, தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்று அறிவித்தார்கள். அப்பா செய்தித்தாளைக் கத்தரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கல்லூரி அலுவலகத்தில் வேறு ஏதோ கட்டணம் என்று கேட்டபோது அந்தத் துண்டைத்தான் நீட்டினார். உதவித்தொகைப் பிரிவில் இருந்த ஐயா எங்களை உட்கார வைத்து, எந்தச் சான்றிதழ், எத்தனை நகல், யாரிடம் கையெழுத்து என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பணம் ஒரு வழியாகத் தீர்ந்தது, இங்கிலீஷ் தீரவில்லை. பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. உடற்கூறியல் வகுப்பில் முதல் மாதம் எதுவுமே புரியவில்லை. பின்தங்கியவர்களுக்கு மாலை 4 மணிக்குச் சிறப்பு வகுப்பு என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. போனேன், அறை பூட்டியிருந்தது. மறுநாளும் போனேன், பூட்டுத்தான். மூன்றாம் நாள் வாசலில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு பி.ஜி. அக்கா கேட்டார்கள். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் கேன்டீனில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். மண்டையோட்டில் இருக்கும் ஒவ்வொரு துளைக்கும் எங்கள் ஊர்த் தெருப் பெயரை வைத்து, எந்த நரம்பு எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று வழி சொல்லுவார்கள். இன்றும் தாடை நரம்பு என்றால் எனக்குப் பிள்ளையார் கோயில் தெருதான்.

கருவிகளுக்குக் காசு இல்லை என்றால் வெட்கப்படாமல் சீனியர்களிடம் கேட்க வேண்டும். மெழுகில் பல் செதுக்கும் கார்வரிலிருந்து மாவு குழைக்கும் ரப்பர் கிண்ணம் வரை எனக்கு வந்தவை எல்லாம் மூன்று பேர் கை மாறியவை. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் நூலகத்தில் புத்தக வங்கியைக் கேளுங்கள். இரண்டு பேருக்கு ஒரு செட் என்று கிடைக்கும். கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள், அது வேறு கதை.


இடக்கை:

நான் இடதுகைக்காரி. பள்ளியில் எழுதும்போது அம்மாயி திட்டியதைத் தவிர ஒரு சிரமமும் இருந்ததில்லை. மூன்றாம் வருடம் கிளினிக்கில் நுழைந்த பிறகுதான், பல் மருத்துவ நாற்காலியே வலதுகைக்காரர்களுக்காகச் செய்தது என்று தெரிந்தது.

நோயாளியின் தலையைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள், உச்சந்தலை 12. வலதுகைக்காரர் 9க்கும் 12க்கும் நடுவில் உட்காருவார். நான் உட்கார வேண்டிய இடம் 12க்கும் 3க்கும் நடுவில். அங்கேதான் துப்பும் தொட்டி இருக்கிறது. எச்சில் உறிஞ்சும் குழாயும் அங்கேதான். பல் குடையும் ஏரோட்டரோ எதிர்ப்பக்கம். அதை நோயாளியின் நெஞ்சுக்கு மேலாக இழுத்து வரவேண்டும். ஒரு தாத்தா, “என்னம்மா, வயரை வெச்சு என்னைக் கட்டிப்போடப் போறியா?” என்றே கேட்டுவிட்டார்.

ஒரு ஸ்டாஃப், கையை மாற்றிக்கொள் என்றார். இன்னொருவர், பழகிவிடும் என்றார். நான் வலதுகைக்காரர் இடத்தில் உட்கார்ந்து முதுகைத் திருகித் திருகி வேலை செய்ததில் இரண்டே மாதத்தில் இடுப்பு வலி. ஸ்பைனுக்குப் படம் எடுக்கும் அளவுக்குப் போய்விட்டது. குறை தீர்க்கும் குழுவுக்கு மனு எழுதினேன். பதில் வரவில்லை.

ஒரு நாள் நாற்காலி ரிப்பேர் செய்யும் அண்ணன் வந்திருந்தார். நான் கோணலாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மூலையில் துணி போர்த்தி இருந்த ஒரு நாற்காலியைக் காட்டினார். இரண்டு பக்கமும் திருப்பக்கூடியது. அதைத் திருப்பலாம் என்பது அங்கே அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. நாலு போல்ட்டைக் கழற்றினார், ட்ரே கை அந்தப் பக்கம் போனது, உறிஞ்சு குழாய் இந்தப் பக்கம் வந்தது. துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, அந்த நாற்காலி இனி இந்தப் பெண்ணுக்கு என்று சொல்லிவிட்டார். எனக்குப் பிறகு வந்த இரண்டு பேரும் அதில்தான் வேலை செய்கிறார்கள்.

உங்கள் அக்கா மகள் இடதுகைக்காரியாக இருந்தால் பொம்மைத் தலையில் பல் குடையும் இரண்டாம் வருடத்திலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். நான் வாயைத் திறக்க ஒரு வருடம் ஆனது.


பேராதனைக்காரி:

நான் யாழ்ப்பாணம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தில் படித்தேன். எங்கட ஆக்களுக்கு அங்கே முதல் பிரச்சினை பாடம் இல்லை, சிங்களம். வகுப்பு ஆங்கிலத்தில் என்பதால் முதல் வருடங்களில் தெரியாது. கிளினிக்கில் வரும் நோயாளி சிங்களத்தில் கதைப்பார். நான் கதிரைக்குப் பக்கத்தில் சிலை மாதிரி நிற்பேன்.

மாணவ ஆலோசகர் என்று விரிவுரையாளர்களையே நியமித்திருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் போய் அழுதேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு தாதியைக் கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மா, ‘கட்ட அரின்ன’ என்றால் வாயைத் திறவுங்கோ, ‘ரிதெனவாத’ என்றால் நோகுதோ என்று முப்பது வசனம் சொல்லித் தந்தார். நான் தமிழ் எழுத்தில் எழுதிக் கையுறைப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தேன். பதிலுக்கு அவருக்கும் தமிழ் பழக்கினேன், மலையகத்திலிருந்து வரும் நோயாளிகளோடு கதைக்க. வீட்டில் கஷ்டம் என்றால் மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். அது தாமதமாகத்தான் வரும், கடன் வாங்காமல் சமாளிக்கப் பாருங்கோ.


மாடிப்படி:

ஒரு பாடத்தில் ஃபெயிலானேன். கடைசி வருடம். கூடப் படித்தவர்கள் எல்லாம் வெள்ளைக் கோட்டில் ‘ஹவுஸ் சர்ஜன்’ என்று பேட்ஜ் மாட்டிக்கொண்டார்கள். நான் மட்டும் அதே கிளினிக்கில் ஜூனியர்களோடு. சாப்பாடு இறங்கவில்லை. விடுதியில் மெஸ் நேரத்தைத் தவிர்த்துவிட்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்திருப்பேன்.

கல்லூரியில் ஆலோசகர் உண்டு. அவர் அறை எங்கே தெரியுமா? அலுவலகத்துக்கு எதிரே, கண்ணாடிக் கதவு. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஃபீஸ் கட்ட வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். யார் போவார்கள்?

ஒரு ராத்திரி 14416க்கு அழைத்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, காசு இல்லை. தமிழில்தான் பேசினார்கள். எடுத்தவுடன் அறிவுரை வரும் என்று நினைத்தேன். “இன்னைக்குச் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார் அந்தப் பெண். இல்லை என்றேன். அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பிஸ்கட் இருக்கிறது என்றேன். போய் எடுத்து வரச் சொல்லி, நான் தின்று முடிக்கும் வரை லைனில் இருந்தார். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் பேசினோம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். போனேன், இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், அடுத்த தேர்வில் பாஸ்.

பின்னால் ஆலோசகரிடம் அந்தக் கண்ணாடிக் கதவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கே அது தோன்றவில்லையாம். இப்போது நூலக மாடிக்கு மாறிவிட்டார்.


ஒரு அப்பா:

ராகிங் பற்றி யாரும் எழுதவில்லை. 1996இல் ராகிங்கில் மருத்துவ மாணவர் நாவரசு கொலை நடந்தபோது நான் கல்லூரி மாணவன். மறு வருடமே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது. இப்போது மகளோடு நானும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன். 1800-180-5522 என்ற ராகிங் புகார் எண்ணை அவள் செல்போனில் ‘பெரியப்பா’ என்று பதிந்து வைத்திருக்கிறோம். இதுவரை பெரியப்பாவைக் கூப்பிட வேண்டி வரவில்லை.


பழைய மாவுக்கட்டி:

எல்லாருக்கும் நன்றி. முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். வலதுகைக்காரிதான். ‘பெரியப்பா’ எண்ணை உடனே பதிந்துகொண்டாள், 14416ஐயும் சேர்த்து. ஊசிக் கதை வந்தபோதுதான் அக்காவைக் கூப்பிட்டு, இவளுக்கு ஹெபடைடிஸ் பி போட்டாயிற்றா என்று கேட்டேன். குழந்தையில் போட்டிருப்போம் என்றார். தடுப்பூசி அட்டையைத் தேடினோம், வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது. திங்கட்கிழமை கூட்டிப் போய் முதல் ஊசி போட்டாயிற்று. அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில். அதற்கப்புறம் அந்த 10 என்ற கணக்கையும் பார்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.