பழைய ஜெனரேட்டர் ஓடி ஓடி நின்றுவிடுகிறது, அவசரம்

குடியாத்தம் கோழிப்பண்ணை:
அண்ணன்மார்களே, வீட்டு ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. புது ஸ்பார்க் பிளக் போட்டும் பலனில்லை. நாளை பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் எடுக்கிறார்கள். இன்குபேட்டரில் நாட்டுக்கோழி முட்டை 60 இருக்கிறது, இன்றோடு 18 நாள். என்ன செய்யலாம்?

பாலாற்றங்கரை:
பெட்ரோலா, டீசலா, மண்ணெண்ணெயா? எத்தனை கேவிஏ?

காட்பாடி பட்டறை:
எவ்வளவு நேரம் ஓடி நிற்கிறது? படக்கென்று அணைகிறதா, திணறித் திணறியா? லோடு கொடுக்காமலும் நிற்கிறதா? உடனே மறுபடி பிடிக்கிறதா?

ஆற்காடு வைண்டிங்:
டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவீர்களா தம்பி? 22 வருடமாக இதே தொழில், விவரமே இல்லாமல் கேட்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். இது இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சுருள். சூடானால் கரண்ட் விட்டுப்போகும், ஆறினால் வரும். மாற்றுங்கள்.

ஆம்பூர் வாசி:
முதலில் ஆயில் பாருங்கள். ஆயில் குறைந்தால் தானாக அணைக்கும் சென்சார் சில மாடலில் உண்டு. தரை சாய்வாக இருந்தாலும் அணைத்துவிடும்.

வாலாஜா விவசாயி:
இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் காரணம். பழைய ரப்பர் குழாயை ஊதிப் பெருக்க வைக்கும், தண்ணீரையும் இழுக்கும். என் மருந்தடிக்கும் மிஷினே போச்சு.

ஆற்காடு வைண்டிங்:
எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடாதீர்கள். ஆறு மாதம் டேங்கிலேயே கிடந்தால் எந்த பெட்ரோலும் கெடும்.

வாலாஜா விவசாயி:
நான் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை சார். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

பாலாற்றங்கரை:
இந்தக் காலத்தில் ஜெனரேட்டர் எதற்கு? 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்கினால் 150 வாட் இன்குபேட்டர் எட்டு மணி நேரம் ஓடும்.

ஆம்பூர் வாசி:
நாளைக் காலைக்குள் அவர் எங்கே போய் வாங்குவார்?

குடியாத்தம் கோழிப்பண்ணை:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதினேன். பெட்ரோல், 2 கேவிஏ. 2012-ல் நாளெல்லாம் மின்வெட்டு இருந்தபோது நைனா வாங்கியது. புது பெட்ரோல்தான், ஆயில் சரி, தரையும் சமம். பத்து நிமிடம் ஓடித் திணறி அணைகிறது. லோடு இல்லாமலும் அப்படித்தான். கால் மணி நேரம் விட்டால் மறுபடி பிடிக்கிறது.

காட்பாடி பட்டறை:
இப்போதுதான் விஷயம் வந்தது. டேங்க் மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும். அது அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருவது நிற்கும். கொஞ்ச நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், அதனால்தான் மறுபடி பிடிக்கிறது. இன்ஜின் ஆறியபின் மூடியை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் மூடிதான் வில்லன். அப்போதும் நின்றால், நின்ற நொடியில் பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். பொறி இல்லையென்றால் ஆற்காடு அண்ணன் சொன்ன காயில்.

இன்னொன்று, வராந்தாவில் வைத்து ஓட்ட வேண்டாம், அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். ஜெனரேட்டர் வயரை வீட்டுச் சுவர் பிளக்கில் செருகவே செருகாதீர்கள். நாளை கம்பத்தில் லைன்மேன் ஏறியிருப்பார், உங்கள் கரண்ட் அவர் கைக்குப் போகும். இன்குபேட்டரை நேராக ஜெனரேட்டரில் மாட்டுங்கள்.

வாலாஜா விவசாயி:
முட்டைக்கும் ஒன்று சொல்கிறேன். 18 நாளுக்குப் பிறகு திருப்பக் கூடாது. உள்ளே குஞ்சே சூடு கொடுக்கும், வெளியே வேலூர் வெயில் வேறு. ஒரு மணி நேரம் கரண்ட் போனாலும் பயப்படாதீர்கள். இன்குபேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம், அதன் காற்றுத் துளையை அடைக்கவும் வேண்டாம்.

குடியாத்தம் கோழிப்பண்ணை (மறுநாள்):
மூடிதான் அண்ணா. துளைக்குள் குளவி மண், கல் மாதிரி. ஊசியால் குத்தி எடுத்தேன். ராத்திரி முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. இப்போது முருங்கை மரத்தடியில் ஓடுகிறது. நன்றி.

ஆற்காடு வைண்டிங்:
சரி. ஆனாலும் காயிலை ஒருமுறை பார்த்து வையுங்கள்.

வாலாஜா விவசாயி (நான்கு நாள் கழித்து):
தம்பி, எத்தனை பொரித்தது?